சங்கரவடிவின் ஓய்வுநிலை

கணவர் இறந்த பதினேழாம் நாள் பேராசிரியை சங்கரவடிவு பல்கலைக்கழகத்துக்குப் போய் வகுப்பறைக்குள் காலை வைத்ததும், மாணவர்களுக்குக் காட்டுவதற்காக மேசைமேல் ஆட்டிவிடப்பட்டிருந்த ஊசல் இரண்டு முறை தயங்கி நின்றுவிட்டது. முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வந்து அதை மறுபடி ஆட்டிவிட்டாள். அது பாதி தூரம் போய், வேண்டாமென்று நினைத்ததுபோல் திரும்பி நடுவில் வந்து நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும், “பரவாயில்லை, படம் போட்டுப் பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு சங்கரவடிவு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். மாணவர்களும் நோட்டைத் திறந்துகொண்டார்கள். பாடம் நடந்தது.

அவள் கடையநல்லூர்ப் பக்கத்தில் ஒரு தபால்காரரின் மூன்றாவது மகள். இருபத்து மூன்று வயதில் அவளுக்குக் கிடைத்த ஆராய்ச்சித் தலைப்பு, மின்கோபுரங்களுக்கு நடுவே தொங்கும் கம்பிகள் காற்றில் ஏன் ஆடுகின்றன, அந்த ஆட்டம் எப்போது அடங்கும் என்பது. கம்பியில் தொடங்கிப் பாலத்துக்குப் போய், பாலத்திலிருந்து ஒன்றோடொன்று பிணைந்து ஆடுகிற எல்லாவற்றுக்கும் போய், எவ்வளவு சின்ன உராய்வு இருந்தாலும் போதும், ஆடுவது தானாக ஓய்வுநிலைக்கு வந்து சேரும் என்பதற்கு ஓர் எல்லையைத் தன் முப்பத்தொன்றாம் வயதில் நிறுவினாள். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் இரண்டில் அது ‘வடிவு எல்லை’ என்ற பெயரில் அரைப் பக்கத்துக்கு வருகிறது. அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் அந்த எல்லையை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நெருக்கிக்கொண்டு வந்தாள். நாற்பத்தொரு கட்டுரைகள், ஒன்பது ஆராய்ச்சி மாணவர்கள், இடது கண்ணில் ஓர் அறுவை சிகிச்சை. பிள்ளைகள் இல்லை.

கணவர் ஆவுடையப்பன் மேல்நிலைப்பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், விளையாட்டு விழாவுக்காக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர் குனிந்தவாக்கிலேயே விழுந்தார். மருத்துவர் வெளியே வந்து சொன்னபோது சங்கரவடிவு, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். பத்து நாற்பத்திரண்டு என்றார். கைப்பையிலிருந்து சீட்டு எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். வீட்டில் கூடியிருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவளுடைய அக்கா தோளைப் பிடித்து உலுக்கி, “அழுதுருடி வடிவு, அழுதுரு” என்று கெஞ்சினாள். அவளுக்குள் துக்கம் இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறுபோல, தொட்டால் ஏதோ தொடுகிறது என்று மட்டும் தெரிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போனபின், தேய்த்து வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். எவ்வளவு தைரியம் பாருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஊசலுக்குப் பிறகு துறை அலுவலகத்தின் பெண்டுலக் கடிகாரம் நின்றது. பிறகு, தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டிருந்த மேசை மின்விசிறி அவள் வந்து உட்கார்ந்ததும் தலையைத் திருப்புவதை விட்டு நேராக ஒரே ஆளைப் பார்த்து வீசியது. சன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தில் அவள் பக்கத்துக் கிளைகள் மட்டும் வரைந்து வைத்ததுபோல் நின்றன, மறுபக்கத்துக் கிளைகள் காற்றில் ஆடின. சங்கரவடிவு டேப் எடுத்து, தன்னிடமிருந்து எவ்வளவு தூரம்வரை அசைவு நிற்கிறது என்று அளந்து பார்த்து, நான்கு அடி என்று நோட்டில் எழுதினாள். அடுத்த வாரம் ஏழு அடி. பங்குனி முடிவதற்குள் பதினெட்டு. எழுதும்போது பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வளைவு எந்த வேகத்தில் ஏறுகிறது என்று மட்டும் பார்த்தாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் ஊர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிற விதம்தான். முதல் வாரம் பேசினார்கள், இரண்டாம் வாரம் பார்க்க வந்தார்கள், மூன்றாம் வாரத்திலிருந்து பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவள் ஏறுகிற பேருந்து நின்றுகொண்டிருக்கும்போது கடகடவென்று நடுங்காது என்பதால் ஓட்டுநர்கள் அவளுக்கு எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கையை ஒதுக்கி வைத்தார்கள். தெருவில் தொட்டில் கட்டியிருந்த வீடுகளில், அவள் கடந்து போகும் ஒரு நிமிடத்துக்குத் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவள் போனபின் மறுபடி தொட்டிலில் இட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. பூங்காவில் ஊஞ்சல் ஆடும் நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று காவலாளி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இதுவா அதுவா என்று மனம் அல்லாடிக்கொண்டிருந்தவர்கள், இரண்டு மாப்பிள்ளைகளுக்கு நடுவே தவித்த பெண், நிலத்தை விற்பதா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தூங்காதவர், எல்லோரும் அவள் அறைக்கு வெளியே பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்து, ஒரு முடிவோடு எழுந்து போனார்கள். முடிவு நல்லதா என்று அவர்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதிவாளர் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: பார்வையாளர் நேரம் மூன்று முதல் நான்கரை வரை.

நேரம் பார்க்காமல் வந்தவர் நல்லபெருமாள் ஒருவர்தான். துறையில் முப்பது வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக இரண்டு கைகளும் நடுங்கி, சட்டைப் பொத்தானை மருமகள் போட்டுவிட வேண்டிய நிலைக்கு வந்திருந்தார். சித்திரை முதல் வாரத்தில் அவள் அறைக்குள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன் இரு கைகளையும் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவை அப்படியே கிடந்தன. “அம்மா, ஒரு டீ வாங்கிட்டு வந்து இங்க உக்காந்து குடிச்சிக்கிடட்டுமா?” என்று கேட்டார். கேண்டீனிலிருந்து வாங்கி வரும் வழியில் பாதி சிந்தியது. மீதியை அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு சொட்டு சிந்தாமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மறுநாள் சவரக்கத்தியும் சின்னக் கண்ணாடியும் கொண்டு வந்தார். அதற்கடுத்த நாளிலிருந்து தினமும் வந்து, பேத்திக்கு ஒரு கடிதம் எழுதி, சவரம் செய்து, டீ குடித்துவிட்டுப் போனார். அவர் முகம் பத்து வயது குறைந்தது. அவள் அதைக் கவனித்தாள். ஒரு வரைபடத்தைக் கவனிப்பதுபோல.

அவளுடைய கடைசி ஆராய்ச்சி மாணவி ஷமீமா. ஆய்வேட்டின் இறுதி அத்தியாயம் பாக்கி. ஏழு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று காலை பத்து மணிக்கு வந்தால் நான்கு மணி வரை சங்கரவடிவின் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போடுவாள். வைகாசி மாதத்து வியாழக்கிழமை அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷமீமா பேனாவை வைத்துவிட்டு வயிற்றின்மேல் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் இடது பக்கம் வைத்தாள், பிறகு வலது பக்கம்.

“மேடம்,” என்றாள், “காலையில இருந்து அசையவே இல்ல.”

“எத்தனை மணியிலருந்து?”

“இங்க வந்து உக்காந்ததுலருந்து.” ஷமீமா விரலால் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். “நேத்தும் இங்க இருந்தப்போ அசையல மேடம். வீட்டுக்குப் போனப்புறம் உதைச்சிச்சு. நான்தான் பெருசா எடுத்துக்கல.”

சவரம் செய்துகொண்டிருந்த நல்லபெருமாள் கத்தியைக் கீழே வைத்தார். சங்கரவடிவு எழுந்தாள். செருப்புக்கூடப் போடாமல் அறையை விட்டு வெளியே வந்து, நீண்ட தாழ்வாரத்தில் நடந்து, படி இறங்கி, வெயிலில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைத் தாண்டி, விளையாட்டு மைதானத்தின் நடுவில் போய் நின்றுகொண்டாள். போகப் போகப் பின்னால் மரங்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியது கேட்டது. எவ்வளவு நேரம் நின்றாளோ, மேல்மாடி சன்னலில் நல்லபெருமாள் தலை தெரிந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, நடுங்கும் கைகளை மேலே தூக்கி ஆட்டினார்.

“அசைஞ்சிட்டுதும்மா!” என்று கத்தினார். “பிள்ளை அசைஞ்சிட்டுது!”

அவள் தலையை ஆட்டினாள். தன்னிடம் ஏதாவது அசைகிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. உள்ளங்கால் சுட்டிருந்தது, அது மட்டும் தெரிந்தது.

மறுநாள் துறைத்தலைவர் அறையில் கூட்டம் போட்டார்கள். விடுப்பில் போகச் சொல்லலாம், ஆனால் அவளுடைய வீட்டுக்கு இரண்டு பக்கமும் வீடுகள், அவற்றில் ஒன்றில் ஒரு மருமகள் முழுகாமல் இருக்கிறாள். அப்போது பதிவாளருக்கு, கடலோரத்தில் புன்னைமுனை என்ற ஊரில் கடல் உயிரியல் துறை கட்டிப் பாதியில் விட்ட ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று பல்கலைக்கழகத்தின் பெயரில் கிடப்பது நினைவுக்கு வந்தது. ‘களப்பணி’ என்று உத்தரவு அடித்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். நல்லபெருமாளைப் பார்த்து, “உங்க கைதான்...” என்று தொடங்கினாள்.

“என் கை ஆடுனா ஆடிட்டுப் போவுதும்மா,” என்றார் அவர். “அது ஆடி என்ன ஆவப்போவுது. வயித்துல இருக்கது ஆடட்டும்.” சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியையும் கத்தியையும் துணியில் சுற்றிக்கொண்டு போனார். வாசலைத் தாண்டி இருபதடி போனதும் அந்தத் துணிப்பொட்டலம் நடுங்கத் தொடங்குவதை அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள்.

புன்னைமுனையில் நூற்றுப் பதினாறு வீடுகள், ஒரு மாதா கோயில், மணலில் ஏற்றி வைத்த பதினைந்து படகுகள். அவள் பெட்டியோடு ஜீப்பிலிருந்து இறங்கியதும் கரையில் அலை அடங்கியது. அடங்கிய அலை பிறகு எழவில்லை. ஒரு வாரத்தில் அந்தச் சின்ன வளைகுடா முழுவதும், முனைப் பாறைவரை, தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் கிடந்தது. பாறைக்கு அப்பால் ஆனி மாதத்துக் கச்சான் காற்றில் கடல் ஆளுயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கரையலையில் படகு ஏற்றி இறக்குவதற்குத் தோளையும் சில சமயம் உயிரையும் கொடுத்த ஊர் அது. ஊர்க் கமிட்டித் தலைவர் செபஸ்தியான் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்று, கையால் அள்ளிப் பார்த்து, தண்ணீர்தான் என்று உறுதிசெய்துகொண்டு, அவளிடம் வந்தார்.

“டீச்சர் எத்தன நாளைக்கு இருப்பிய?”

“தெரியல.”

“இரிங்க,” என்றார் செபஸ்தியான். “எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபன இல்ல.”

ஆட்சேபனை பிறகு ஒன்று வந்தது. அலைச் சத்தம் இல்லாமல் ஊருக்குத் தூக்கம் வரவில்லை. பிறந்ததிலிருந்து காதில் கேட்டுக்கொண்டிருந்தது நின்றுபோனதில் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதார்கள், நாய்கள் வீடு வீடாக மோப்பம் பிடித்து அலைந்தன. கமிட்டி கூடிப் பேசி ஒரு முறை வைத்தார்கள். படகு இறங்கும் நேரமும் படகு திரும்பும் நேரமும் டீச்சர் கரையில் இருக்க வேண்டியது. மற்ற நேரம், அலை பழையபடி இரையட்டும் என்று, ஊருக்குப் பின்னால் பனங்காட்டுக்குள் கட்டிக் கொடுத்திருக்கும் ஓலைக் குடிசையில் இருக்க வேண்டியது. கர்ப்பிணிகள் தங்கள் பாட்டுக்கு மறு திசையில் நடந்துகொள்வார்கள். மாதா கோயில் மணியை அவள் பனங்காட்டுக்குப் போனபின் அடிப்பார்கள். அவள் சரி என்றாள். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நடந்தது. ஒரு படகுகூடக் கவிழவில்லை. கஸ்பார் என்ற மீனவரின் மனைவி அமலோற்பவம் தினமும் சோறும் குழம்பும் கொண்டுவந்து குடிசை வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள். குழம்பில் புளி அதிகமா குறைவா என்று சங்கரவடிவுக்குத் தெரியவில்லை. ஆடி முதல் வாரத்தில் ஷமீமா போனில் பெண் குழந்தை பிறந்ததாகச் சொன்னாள். அவள் எடை கேட்டு, நோட்டில் எழுதி வைத்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலை படகுகள் வெளியே இருக்கும்போது, யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் காற்று திரும்பியது. செபஸ்தியான் பனங்காட்டுக்கு ஓடி வந்தார். சங்கரவடிவு கரைக்கு வந்து, முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். முனைப் பாறைக்கு அப்பால் கடல் கறுத்துச் சுவர்போல் எழுந்தது. பாறைக்கு இப்பால் தண்ணீர் அவள் காலைச் சுற்றி அசையாமல் கிடந்தது. மழையில் ஊரே பின்னால் நின்றது. ஒன்பது மணிக்கு முதல் படகு அந்தச் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து, உள்ளே வந்ததும் கோயில் குளத்துத் தெப்பம்போல் அமைதியாகிக் கரை சேர்ந்தது. பிறகு இரண்டு. பிறகு நான்கு சேர்ந்தாற்போல். படகு சேரச் சேர அந்தந்த வீட்டுக்காரர்கள் ஆளைத் தொட்டுப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். உச்சிவேளைக்குப் பதினான்கு படகுகள் வந்திருந்தன. கஸ்பாரின் படகு வரவில்லை.

அமலோற்பவம் தண்ணீரில் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். இத்தனை நாளில் அவள் பேசியது அப்போதுதான்.

“காலையில சண்ட போட்டேன் டீச்சர்,” என்றாள். “ஒண்ணுமில்லாத காரியம். வலய அங்க ஏன் போட்டீரு, இங்க ஏன் போட்டீருன்னு. சோறு கட்டிக் குடுக்கல. வாசல்ல நின்னு ‘போயிட்டு வாறேன்’னாரு. நான் முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன்.” அவளுடைய தோள் குலுங்கியது. உதடு குலுங்கியது. “முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன் டீச்சர்.”

சங்கரவடிவின் பக்கத்தில் வந்து நின்ற எதுவும் குலுங்கியதில்லை. இவள் குலுங்கினாள், அடி வயிற்றிலிருந்து, நிற்காமல். சங்கரவடிவு திரும்பி அந்தத் தோளையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த மாசிச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, வாசலில் ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக நின்ற ஆவுடையப்பன் தெரிந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டே, “வடிவு, இங்க என்னமோ பிடிச்ச மாதிரி இருக்கு” என்றார். அவள் கட்டுரையின் பதினோராம் பக்கத்தில் இருந்தாள். நிமிரவில்லை.

“நான் ‘இருங்க, முடிச்சிட்டு வாரேன்’னு சொன்னேன்,” என்றாள் சங்கரவடிவு.

“யார்ட்ட டீச்சர்?”

“அவர்ட்ட. அவர் கொஞ்ச நேரம் நின்னார். நின்னுட்டு, மத்த ஷூவையும் போட்டுட்டுப் போயிட்டார். நான் அந்தப் பக்கத்த முடிச்சேன். அடுத்த பக்கத்தயும் முடிச்சேன்.”

முனைப் பாறைக்கு அருகே கஸ்பாரின் படகு தெரிந்தது. கரையில் நின்றவர்கள் கூச்சலிட்டார்கள். அது சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்து, அமைதித் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு பாதி வளைகுடா வந்துவிட்டது. அப்போது சங்கரவடிவின் முழங்கால் நடுங்கியது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஒரு விரல் உயரம் எழுந்து இறங்கியது, பிறகு ஒரு சாண். “டீச்சர்!” என்று செபஸ்தியான் அலறினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், நோட்டின் எண்களை வரிசையாக நினைத்துப் பார்த்தாள், பத்து நாற்பத்திரண்டு என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் தொண்டையிலிருந்து, அவளுக்கே அறிமுகமில்லாத ஒரு சத்தம் புறப்பட்டது. இத்தனை நாள் அவள் காலடியில் அடங்கிக் கிடந்த கடல் அத்தனையும் ஒரே அலையாக எழுந்து வந்து, அவளையும் அமலோற்பவத்தையும் மணலில் புரட்டிப் போட்டது. படகு அந்தரத்தில் தூக்கப்பட்டுக் கவிழ்ந்து, கரைமேட்டில் மோதி இரண்டாகப் பிளந்தது.

ஆண்கள் கயிற்றோடு தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். முதலில் ஓர் ஆளை இழுத்து வந்தார்கள், பிறகு இன்னொருவரை, கடைசியில் கஸ்பாரை. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. கஸ்பார் தவழ்ந்து வந்து உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டு, பிளந்து கிடந்த படகைப் பார்த்தார். பிறகு, நுரைக்குள் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்தார்.

“இன்னும் பத்து நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா டீச்சர்?” என்றார்.

“வாய மூடும்,” என்றாள் அமலோற்பவம். அவர் மார்பில் கையை வைத்துத் துடிக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, அவரை அங்கேயே விட்டு எழுந்து வந்து, சங்கரவடிவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கர்ப்பிணிகள் இரண்டு பேரும் வந்தார்கள். சாவு வீட்டில் உட்காருவதுபோல் அவளைச் சுற்றி ஈர மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அலை வந்து வந்து அவர்கள் மடியை நனைத்துவிட்டுப் போனது. கடற்கரை முழுவதும் ஒரே இரைச்சல்.

“அவருக்குப் பேரு என்னம்மா?” என்று கேட்டாள் ஒரு கிழவி. ஒப்பாரிக்குப் பெயர் தெரிய வேண்டும்.

சங்கரவடிவு சொன்னாள். அலைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள்.